ஸ்ரீனிவாசன் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த படங்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை, உழைத்து எழுதியிருக்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. 'குசேலன்', 'வெள்ளித்திரை', 'அண்ணாநகர் முதல் தெரு', 'கதாநாயகன்', 'சிதம்பரத்தில் ஒரு அப்பாசாமி' என்று ஐந்து படங்கள் அந்தப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தமிழில் யார் நடித்தார், மலையாளத்தில் யார் நடித்தார், இயக்கியது யார் என்றெல்லாம் இருந்தது. இந்த ஐந்துக்கும் மூலத்தில் திரைக்கதை எழுதியவர் ஒரே ஆள். அவர் பெயர் அந்தப் பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை.

ஸ்ரீனிவாசன். கண்ணூர் மாவட்டத்தில் தலச்சேரிக்குப் பக்கத்தில் பாட்டியம் என்கிற ஊர்க்காரர். 1976-இல் பி.ஏ. பக்கர் இயக்கிய 'மணிமுழக்கம்' படத்தில் நடிகராக அறிமுகமானவர். நடிப்புப் படித்தது நம் சென்னையில், ரஜினிகாந்த் படித்த அதே திரைப்படக் கல்லூரியில். இதை ஏதோ ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. அவருடைய முக்கியமான படங்கள் பலவற்றில் சென்னையும் தமிழும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று புரிய இது உதவும்.

எழுபதுகளின் கடைசியில் மலையாளத்தில் கதாநாயகன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. இவர் குள்ளம், கறுப்பு, ஒடிசலான உடம்பு. பக்கர் மாதிரி ஒருவர் தன் 'சங்ககானம்' படத்தில் இவரை முக்கிய வேடத்தில் வைத்தார், ஆனால் பெரிய கமர்ஷியல் படங்களில் யார் அப்படிக் கூப்பிடுவார்கள்? கிடைத்த சின்ன வேடங்களைச் செய்துகொண்டு, டப்பிங்கும் பேசிக்கொண்டு இருந்தார். மம்மூட்டியின் ஆரம்பகாலப் படங்கள் சிலவற்றில் அவருக்குக் குரல் கொடுத்ததே ஸ்ரீனிவாசன்தான். இப்படி நடிகனாகப் பாதி வழியில் நின்றுகொண்டிருந்த ஒரு மனிதர் 1984-இல் பிரியதர்ஷனுக்காக 'ஓடருதம்மாவா ஆளறியாம்' என்று ஒரு நகைச்சுவைப் படத்துக்கு எழுதினார். அப்புறம் ஓயவில்லை.

நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். நடிகர்கள் பேனா எடுத்தால் பொதுவாகத் தங்களை உயர்த்திக்கொள்ளத்தான் எழுதுவார்கள். அறிமுகக் காட்சி, சண்டை, நாலு பேருக்குப் புத்தி சொல்லும் வசனம் எல்லாம் தங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். ஸ்ரீனிவாசன் இதற்கு நேர் எதிராகச் செய்தார். தான் எழுதிய கதையில் இருப்பதிலேயே அற்பமான, பொறாமை பிடித்த, பொய் சொல்கிற, தோற்கிற ஆளின் வேடத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டார். நல்ல வேடத்தை மோகன்லாலுக்கோ மம்மூட்டிக்கோ கொடுத்துவிட்டார். ஒரு நடிகனுக்கு இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

'நாடோடிக்காற்று' 1987-இல் வந்தது. கதை சித்திக்-லால், திரைக்கதை இவர், இயக்கம் சத்யன் அந்திக்காடு. தாசன் (மோகன்லால்) பி.காம். முதல் வகுப்பு, விஜயன் (ஸ்ரீனிவாசன்) அவ்வளவு படிக்காதவன், ஆனால் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் பியூன். தாசனுக்கு அந்தப் பட்டத்தின் மேல் இருக்கிற கர்வமும், அதைக் கண்டு விஜயனுக்கு வருகிற எரிச்சலும்தான் படத்தின் பாதி நகைச்சுவை. வேலை போகிறது, கடன் வாங்கி மாடு வாங்குகிறார்கள், மாடு பால் கறக்க மறுக்கிறது, கடைசியில் துபாய்க்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்ன கஃபூரை நம்பிப் படகேறுகிறார்கள். அரபு உடை போட்டுக்கொண்டு கரையேறினால் சுற்றிலும் தமிழ் போர்டு! வந்து சேர்ந்தது சென்னைக் கடற்கரை. இந்தக் காட்சியைச் சொன்னால் கேரளத்தில் இன்றைக்கும் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஆனால் எனக்கு அதில் பிடித்தது சிரிப்புக்கு அடியில் இருக்கிற நிலைமைதான். வளைகுடா வேலைக்காக வீட்டை விற்று, நகையை விற்று, ஏஜெண்டிடம் ஏமாந்து நின்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை அது. நம் ஊரிலும் ராமநாதபுரம், கடலூர் பக்கம் இதே கதையைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அழவைக்கிற படமாக எடுத்திருந்தால் ஒருமுறை பார்த்து மறந்திருப்போம். அவர் சிரிக்கவைத்தார், முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த இரண்டு பேரையும் யாரும் மறக்கவில்லை.

அந்தப் படத்தில் விஜயன் சென்னையில் சினிமா வாய்ப்புக் கேட்டு இயக்குநர் ஐ.வி. சசியின் வீட்டுக்கே போய் நிற்பான். சசியும் அவர் மனைவி நடிகை சீமாவும் தாங்களாகவே வருவார்கள். சென்னையில் வாய்ப்புத் தேடி அலைந்த ஒருவரால்தான் அதை அப்படி எழுத முடியும். விஜயன் நடிப்பதாக அங்கே செய்து காட்டுகிற கோமாளித்தனத்தை, நடிப்புக் கல்லூரியில் முறையாகப் படித்த ஒரு மனிதர் தனக்கே எழுதிக்கொண்டு தானே நடித்திருக்கிறார்.

இதுவே தமிழில் 'கதாநாயகன்' ஆனது. பாண்டியராஜனும் எஸ்.வி. சேகரும் நடித்தார்கள். 'காந்திநகர் செகண்ட் ஸ்ட்ரீட்' சத்யராஜ் கூர்க்காவாக வந்த 'அண்ணாநகர் முதல் தெரு' ஆனது. 'சன்மனஸ்ஸுள்ளவர்க்கு சமாதானம்' தமிழில் 'இல்லம்' ஆனது. மூன்று தமிழ்ப் படங்களும் 1988-இல் வந்தவை. ஒரே வருடத்தில் ஒரே திரைக்கதையாசிரியரின் மூன்று கதைகள் தமிழில் வந்திருக்கின்றன. இன்றைக்கு யூடியூபில் அந்தப் படங்களுக்குக் கீழே இருக்கிற விவரக்குறிப்பைப் பாருங்கள், அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நடிகராக அவர் செய்த ஒரு வேடத்தைத் தமிழ் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜி. அரவிந்தன் இயக்கிய 'சிதம்பரம்', 1985-ஆம் வருடத்தின் சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம். மூணாறு பக்கத்தில் ஒரு மாட்டுப்பண்ணை. அங்கே வேலை செய்யும் முனியாண்டி என்கிற தமிழன் ஊருக்குப் போய்ச் சிவகாமியைக் கல்யாணம் செய்து அழைத்து வருகிறான். சிவகாமியாக ஸ்மிதா பாட்டீல், மேலதிகாரியாகப் பரத் கோபி, முனியாண்டியாக ஸ்ரீனிவாசன். அதிகம் பேசாத, அதிகாரிக்கு முன்னால் குனிந்தே பழகிய, ஆனால் உள்ளுக்குள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதன். மேல்மலையில் வேலை செய்யப் போன எத்தனையோ தமிழர்களை அந்த முகத்தில் பார்க்கலாம். நகைச்சுவை நடிகர் என்று மட்டும் அவரை நினைக்கிறவர்கள் இந்த ஒரு படத்தைப் பார்த்தால் போதும்.

எழுதுவதிலும் அவர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1986-இல் 'டி.பி. பாலகோபாலன் எம்.ஏ.' எழுதினார். மோகன்லாலுக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது வாங்கிக்கொடுத்த படம், நடுத்தரக் குடும்பத்து இளைஞன் ஒருவன் மாதச் சம்பளத்தில் மானத்தோடு வாழப் பார்க்கிற கதை. 'வெள்ளானகளுடெ நாடு' ரோடு காண்ட்ராக்டர்கள், நகராட்சி ஊழல் பற்றியது, இதைத்தான் பிரியதர்ஷன் பின்னால் இந்தியில் 'கட்டா மீட்டா' என்று எடுத்தார். 'வரவேல்பு' படத்தில் வளைகுடாவில் ஏழு வருடம் உழைத்த காசில் ஒருவன் பஸ் வாங்குகிறான்; சொந்தக்காரர்கள், தொழிற்சங்கம், அதிகாரிகள் எல்லோருமாகச் சேர்ந்து அவனைத் திரும்ப விமானம் ஏற்றிவிடுகிறார்கள். 'மிதுனம்' சின்னத் தொழில் தொடங்கப் போய் அலுவலகம் அலுவலகமாக அலைகிறவனின் கதை. இவையெல்லாம் 1990-க்கு முன்னும் பின்னுமாக வந்த படங்கள். கேரளத்தின் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம் என்றால் இந்த நாலு படங்களை வைத்தே எழுதலாம் என்பது என் எண்ணம். தற்செயல் இல்லை, அவர் பட்டப்படிப்பே பொருளாதாரம்தான்.

'சந்தேசம்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1991. தமிழ்நாட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பும் அப்பா, திலகன். மூத்த மகன் இடதுசாரிக் கட்சி, இளையவன் எதிர்க்கட்சி. வீட்டுக்குள்ளேயே அரசியல் சண்டை. போலந்து என்று தம்பி வாயெடுத்தாலே அண்ணனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும். 1989-இல் போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி போய் இரண்டு வருடம் போல ஆன நேரம் அது. அந்த அண்ணன் வேடம் யாருக்கு? எழுதியவருக்கேதான். கட்சி மொழியை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டு, அம்மா அப்பாவைக் கவனிக்காத ஒரு ஆளாகத் தன்னை நிறுத்தினார். இந்தப் படம் அரசியலே வேண்டாம் என்று இளைஞர்களுக்குச் சொல்கிறது, அது தப்பு என்று கேரளத்தில் ஒரு விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது, தொண்டர்களைக் கேலி செய்த அளவுக்கு அந்தப் படம் தலைவர்களைத் தாண்டி அமைப்பைத் தொடவில்லை. ஆனாலும் கட்சிக்காக வீட்டை மறந்த ஒருவனை அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்து எழுதிய வேறொரு படம் எனக்குத் தெரியவில்லை. அந்த வருடம் சிறந்த கதைக்கான மாநில விருது கிடைத்தது.

அவர் இயக்கியது இரண்டே படங்கள். 1989-இல் 'வடக்குநோக்கியந்திரம்', 1998-இல் 'சிந்தாவிஷ்டயாய சியாமளா'. இரண்டு படங்களுமே அவர் தன்னையே மேஜையில் படுக்கவைத்து அறுத்துப் பார்த்த மாதிரி இருக்கும்.

முதல் படத்தின் நாயகன் தினேசன், குள்ளமாக, கறுப்பாக இருக்கிறோம் என்று உள்ளுக்குள் புழுங்குகிறவன். அழகான பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவளைச் சிரிக்கவைக்க ஒரு ஜோக்கை மனப்பாடம் செய்து சொல்கிறான், அது எடுபடவில்லை. அங்கிருந்து ஆரம்பித்துச் சந்தேகம் வளர்ந்து வளர்ந்து கடைசியில் மனநல மருத்துவமனைக்குப் போகிறது. முதல் பாதியில் வயிறு வலிக்கச் சிரிக்கிற நாம், எந்த இடத்தில் பயப்பட ஆரம்பித்தோம் என்று நமக்கே தெரியாது. சினிமா உலகம் எந்த உடம்பைக் காரணம் காட்டி இவரை ஒதுக்கியதோ அதையே கதையாக்கி, அந்தத் தாழ்வுணர்ச்சி ஒரு பெண்ணின் வாழ்க்கையை எப்படி நரகமாக்கும் என்று காட்டினார். தன்மேல் இரக்கம் கேட்கவில்லை. கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. தமிழில் 2008-இல் கருணாஸ் நடித்து 'திண்டுக்கல் சாரதி'யாக வந்தது.

இரண்டாவது படத்தில் அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் வேலை தனக்குப் போதாது என்று நினைத்து ஒவ்வொரு தொழிலாகத் தொடங்கித் தோற்று, சினிமா எடுக்கப் போய்த் தோற்று, பிறகு பக்தி என்று மலையேறி, ஆசிரமத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார். வீட்டையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் மனைவி சியாமளா தாங்குகிறாள். குடும்பப் பொறுப்பிலிருந்து தப்பிக்க ஆன்மிகத்தை ஒரு ஆண் எப்படிப் பயன்படுத்துகிறான் என்பதை இவ்வளவு தைரியமாகச் சொன்ன படம் அந்தக் காலத்தில் இல்லை. சமூகப் பிரச்சினைகளைப் பேசும் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது, சியாமளாவாக நடித்த சங்கீதாவுக்கு மாநில விருது. நம்மிடம் தங்கர்பச்சான் நடித்த 'சிதம்பரத்தில் ஒரு அப்பாசாமி' இதிலிருந்து வந்ததுதான்.

சரி, இப்போது 'வெள்ளித்திரை'க்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் எனக்கு அதிகமாக வலித்த இடம் அதுதான். மூலம் 2005-இல் வந்த 'உதயனாணு தாரம்'. உதவி இயக்குநர் ஒருவன் உயிரைக் கொடுத்து எழுதிய திரைக்கதையை நண்பன் திருடிக்கொண்டுபோய் அதை வைத்தே பெரிய நடிகனாகிவிடுகிறான். எழுதியவன் தெருவில் நிற்கிறான். அந்தத் திருடன் வேடத்தைச் செய்தது ஸ்ரீனிவாசன். தமிழில் அதைச் செய்த பிரகாஷ்ராஜைக் கட்டுரை புகழ்ந்திருந்தது, புகழ வேண்டியதுதான். ஆனால் எழுதியவனின் பெயர் பறிபோகிற கதையைப் பற்றி எழுதும்போதே எழுதியவரின் பெயர் விடுபட்டுப்போனதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

'குசேலன்' விஷயம் வேறு மாதிரி. 'கத பறயும்போள்' 2007-இல் வந்தது, இவரும் முகேஷும் சேர்ந்து தயாரித்தார்கள், எம். மோகனன் இயக்கினார். ஒரு கிராமத்தில் ஓட்டை நாற்காலியோடு சவரக்கடை வைத்திருக்கும் பாலன், எதிரே நவீன சலூன் திறந்துவிட்டதால் பிழைப்புக்கு வழியில்லாமல் நிற்கிறான். அந்த ஊருக்குப் படப்பிடிப்புக்கு வரும் பெரிய நட்சத்திரம் பாலனின் பழைய நண்பன் என்று தெரிந்ததும் ஊரே பாலனைச் சுற்றி வருகிறது. நண்பன் தன்னை மறந்திருப்பானோ என்ற கூச்சத்தில் பாலன் பக்கத்திலேயே போவதில்லை. மலையாளத்தில் மம்மூட்டி வருவது கொஞ்ச நேரம்தான், படம் முழுக்கப் பாலனுடையது. நட்சத்திரம் தூரத்தில் இருந்தால்தான் அந்தக் கூச்சம் நமக்குப் புரியும். தமிழில் ரஜினியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தில் நிறுத்த முடியுமா? அவர் காட்சிகளைக் கூட்டினார்கள், வடிவேலு நகைச்சுவையைச் சேர்த்தார்கள். பசுபதி அருமையாக நடித்தும் பாலகிருஷ்ணனின் கதை ஓரத்துக்குப் போய்விட்டது. அந்தப் படம் ஏன் மலையாளத்தைப் போல ஒட்டவில்லை என்று உங்கள் கட்டுரை கேட்டிருந்தது. என் பதில் இதுதான்: நடிகர்களில் ஒன்றும் குறை இல்லை, திரைக்கதையின் எடையை இடம் மாற்றிவிட்டார்கள். திரைக்கதை எழுதியவர் யார், அவர் எப்படி எழுதுவார் என்று ஒரு பத்தி இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு விடை கட்டுரையிலேயே கிடைத்திருக்கும்.

எல்லாமே நன்றாக எழுதினார் என்று சொல்ல மாட்டேன். 'உதயனாணு தாரம்' படத்தின் சரோஜ்குமாரை வைத்து 2012-இல் எழுதிய தொடர்ச்சிப் படம் கசப்பாக இருந்தது, சக நடிகர்மேல் கோபம் மட்டும்தான் தெரிந்தது. 'தலையணமந்திரம்' மாதிரிப் படங்களில் ஆசைப்படும் மனைவிக்குப் பாடம் கற்பிக்கிற போக்கு இன்றைக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. எட்டு வருடம் கழித்து அதே ஆள் சியாமளாவை எழுதினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2018-இல் சத்யன் அந்திக்காட்டோடு பதினாறு வருட இடைவெளிக்குப் பிறகு சேர்ந்து 'ஞான் பிரகாஷன்' எழுதினார். உழைக்காமல் வெளிநாடு போய்ச் செட்டிலாகப் பார்க்கும் ஒரு நர்ஸ், ஃபகத் ஃபாசில். முப்பது வருடத்துக்கு முன் துபாய்க்குப் படகேறியவர்களின் அடுத்த தலைமுறை. இளைஞர்கள் தியேட்டரை நிறைத்தார்கள். அவருடைய மகன் தியான் இயக்கிய படத்தில் நாயகன் நாயகிக்குத் தினேசன், ஷோபா என்று 'வடக்குநோக்கியந்திர'த்தின் பெயர்களையே வைத்தார், பார்க்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நம் பக்கத்திலும் இதே மறதிதான். 'தில்லு முல்லு' என்றால் ரஜினி, தேங்காய் சீனிவாசன், பாலசந்தர் என்று சொல்கிறோம், வசனம் விசு என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பாக்யராஜிடம் உதவியாளராக இருந்து எழுதப் பழகிய லிவிங்ஸ்டனை நடிகராக மட்டும்தான் இளைய வாசகர்களுக்குத் தெரியும். நடிப்பு, எழுத்து இரண்டையும் கையில் வைத்திருந்தவர்களைப் பற்றி ஒரு தொடர் போடுங்கள், தமிழில் அதற்கு ஆள் பஞ்சமே இல்லை. அதற்கு முன்னால், ஒரு படத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் இயக்குநர் பெயருக்குப் பக்கத்தில் திரைக்கதை, வசனம் எழுதியவர் பெயரையும் போடுவது என்று உங்கள் ஆசிரியர் குழு ஒரு முடிவு எடுத்தால் போதும். மற்ற பத்திரிகைகளும் பின்னால் வரும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்ரீனிவாசனை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 'நாடோடிக்காற்'றில் ஆரம்பியுங்கள், குடும்பத்தோடு பார்க்கலாம். 'வடக்குநோக்கியந்திரம்' அதற்கு அடுத்து, அதைத் தனியாகப் பாருங்கள். மலையாளம் நமக்கு அவ்வளவு தூரமில்லை, பத்து நிமிடத்தில் காது பழகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்